ஆர்க்டிக் கடலடியும் நார்வேயின் பசுமைப் பேச்சும்

2024 ஜனவரியில் நார்வே நாடாளுமன்றம், ஆர்க்டிக் பகுதியில் சுமார் 2,80,000 சதுர கிலோமீட்டர் கடலடியைக் கனிமத் தேடலுக்குத் திறந்துவிட வாக்களித்தது. பிரிட்டனை விடப் பெரிய பரப்பு! அரசு சொன்ன நியாயம், பசுமை ஆற்றலுக்கு உலோகங்கள் வேண்டும், பொறுப்போடு எடுப்போம் என்பது. ஆனால் ஆழ்கடலின் உயிர்களைப் பற்றிப் போதிய அறிவே இல்லை என்று அந்த நாட்டின் சுற்றுச்சூழல் முகமையே முன்னதாக எச்சரித்திருந்தது. தன் சொந்த அறிவியலாளர்களைக் கேட்காத அரசு எந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது? அந்த ஆண்டு டிசம்பரில் பட்ஜெட்டுக்கு ஆதரவு தர ஒரு சிறு இடதுசாரிக் கட்சி நிபந்தனை போட்ட பிறகுதான் உரிமங்கள் வழங்குவது தள்ளிப்போனது.

எனக்கு இதைவிட வலிப்பது வட நார்வேயின் ஹம்மர்ஃபெஸ்ட் நகருக்கு அருகிலுள்ள மெல்கோயா தீவு. அங்குள்ள எரிவாயு ஆலை இனித் தன் எரிவாயுவை எரிக்காமல் கரையிலிருந்து வரும் மின்சாரத்தில் இயங்கும் என்று 2023 ஆகஸ்டில் அரசு அனுமதி தந்தது. நார்வேயின் கணக்கில் உமிழ்வு குறையும். எரிவாயு வழக்கம்போலக் கப்பலேறி வேறு நாட்டில் எரியும், அது இந்தக் கணக்கில் வராது. அந்த மின்சாரத்துக்கான கம்பித்தடமும் காற்றாலைகளும் அப்பகுதியின் பழங்குடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலங்களைத் தின்னும். காலநிலையைக் கெடுத்ததில் அவர்களுக்குப் பங்கே இல்லை. அதைச் சரிசெய்ய அவர்கள் நிலத்தை எடுப்பது அநீதி என்றே சொல்வேன்.