பக்கத்து ஜீனால் வந்த குழப்பம்: மகனின் சிஏஎச் பரிசோதனை

பிறந்த முதல் வாரம் மகன் நன்றாகத்தான் பால் குடித்தான். இரண்டாவது வாரத்தில் வாந்தி, எடை இறங்கியது, அழக்கூடத் தெம்பில்லை. ரத்தத்தில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் அதிகம். அதைப் பார்த்ததும் ஐசியூ டாக்டர் 17-ஓஎச்பி (இந்த நோயில் ரத்தத்தில் கூடும் ஒரு ஹார்மோன் மூலப்பொருள்) பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், கார்டிசால் ஹார்மோனுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார். என் பிள்ளை பிழைத்தது அதனால்தான்.

நோயின் பெயர் கன்ஜெனிட்டல் அட்ரினல் ஹைப்பர்பிளேசியா, சுருக்கமாக சிஏஎச். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் வேலை செய்யாது. கார்டிசால் சுரக்காது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டீரோனும் சுரக்காது. அவற்றுக்கான மூலப்பொருள் (அந்த 17-ஓஎச்பி இதில் ஒன்று) தேங்கி, ஆண் ஹார்மோனாக மாறிவிடும். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பைப் பார்த்தே சந்தேகம் வரும். ஆண் குழந்தைக்கு வெளியே பெரும்பாலும் எதுவும் தெரியாது, உப்பு வற்றிய பிறகுதான் தெரியும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

மருந்து ஆரம்பித்ததும் பிள்ளை தேறிவிட்டான். ஜீன் டெஸ்ட்தான் இழுத்தது. முதல் ரிப்போர்ட்டில் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மரபியல் ஆலோசகர் காகிதத்தில் வரைந்து விளக்கினார். ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது, அந்த 21-ஹைட்ராக்சிலேஸ் என்சைமை உருவாக்கும் சிஒய்பி21ஏ2 ஜீன். அதன் பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப்போலவே, ஆனால் செயலிழந்த இன்னொரு ஜீன். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது செயலிழந்ததின் துண்டுகள் நல்லதில் வந்து ஒட்டிக்கொள்ளும். சிஏஎச் கோளாறுகளில் பெரும்பங்கு இப்படி வருவதுதான். வழக்கமான சீக்வென்சிங் டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிப்பதால், எந்தத் துண்டு எந்த ஜீனுடையது என்று குழம்பிவிடும். ஜீனின் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் எம்எல்பிஏவும், நல்ல ஜீனை மட்டும் தனியாகப் பெருக்கிப் படிக்கும் லாங்-ரேஞ்ச் பிசிஆரும் வேண்டும். டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன்பே இவை இரண்டும் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த முறையில் செய்தபோது பதில் கிடைத்தது. நானும் கணவரும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை. ஒவ்வொருவருக்கும் இந்த ஜீன் இரண்டு பிரதி இருக்கும்; ஒரே கோளாறு எங்கள் இருவரிடமும் ஒரு பிரதியில் மட்டும் இருந்தது. மகனுக்கு இரண்டு பிரதியிலும் அதுவே. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் சிஏஎச் குழந்தை பிறப்பதுண்டு, சொந்தத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான் என்றார் ஆலோசகர். அதற்குள் என் மாமியார் எவ்வளவோ அழுதுவிட்டார்.

இரண்டாவது முறை கர்ப்பமானபோது பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கும் வழியும் இருந்தது. மருந்துள்ள நோய்தானே, பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். என்ன தேட வேண்டும் என்று இப்போது தெரியுமே! பிறந்து இரண்டு நாள் கழித்து 17-ஓஎச்பிக்கும் ஜீன் டெஸ்ட்டுக்கும் சேர்த்து ரத்தம் கொடுத்தோம். மகளுக்கு ஒரு பிரதியில் மட்டுமே கோளாறு, நோய் இல்லை.

மகனுக்குத் தினமும் மூன்று வேளை மாத்திரை. காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அளவைக் கூட்டுவோம். மாத்திரை வாந்தியில் போய்விட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. அந்த ஊசி வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது.