முகவரி இல்லாத வாக்காளரோடு ஓர் ஈஸ்டர் விடுமுறை

கனடாவில் வாக்களிப்பது பத்து நிமிட வேலை என்று சொல்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் சொந்த வீடும், அந்த வீட்டு முகவரி அச்சடித்த லைசென்ஸும் வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் தம்பிக்கு இரண்டும் இல்லை. 2025 ஏப்ரல் 28 நாடாளுமன்றத் தேர்தலில் அவருக்கு முதல் வாக்கு. அதைப் போட வைப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

ஆள் பிரம்டனில் இருந்து ஸ்காபரோவுக்கு மாறி வந்தவர். குடியுரிமை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லைசென்ஸில் இன்னும் பிரம்டன் முகவரி. கரண்ட் பில், காஸ் பில் எல்லாம் என் பெயரில். வாக்காளர் அட்டையும் வரவில்லை. இணையத்தில் பதியப் பார்த்தோம், லைசென்ஸ் முகவரி இடித்தது. சரி, வாக்களிக்கும் இடத்திலேயே பதியலாம்தானே என்று விட்டுவிட்டோம். அது உண்மைதான். நேரில் போய் அடையாளமும் முகவரியும் காட்டி, படிவம் நிரப்பி, நான் குடிமகன் என்று கையெழுத்திட்டால் போதும்.

முன்கூட்டிய வாக்களிப்பு ஏப்ரல் 18 முதல் 21 வரை, காலை 9 முதல் இரவு 9 வரை. பெரிய வெள்ளியன்று விடுமுறை என்பதால் தம்பி தனியாகப் போனார். ஊரே அங்கேதான் நின்றிருக்கிறது. வரிசை கட்டடத்தைச் சுற்றி வாகனத் தரிப்பிடம் வரை. பொறுமையாக நின்று, உள்ளே போய், கடவுச்சீட்டையும் போனில் இருந்த போன் பில்லையும் காட்டியிருக்கிறார். மேசையில் இருந்தவர் "போன் திரையில் காட்டுவது செல்லாது, கடதாசியில் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "விடுங்கோ அண்ணை, என்ர ஒரு வாக்கால கனடா மாறப்போகுதே?" என்றார்.

இதைத்தான் ஆய்வாளர்கள் வாக்காளர் அக்கறையின்மை என்று ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். பெப்ரவரி 27 அன்று நடந்த ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் 45 சதவீதம் அளவில்தான் வாக்களித்தார்கள். மிச்சப் பேர் எல்லோரும் அக்கறை இல்லாதவர்களா? எங்கள் அத்தான் அப்படிப்பட்டவர்தான், ஒப்புக்கொள்கிறேன். குடியுரிமை எடுத்த நாளில் இருந்து "எவன் வந்தாலும் வரி வரிதான்" என்று வீட்டில் இருக்கிறார். ஆனால் தம்பி அப்படி இல்லை. வாகன உதிரிப்பாகக் களஞ்சியத்தில் இரவு வேலை செய்பவர். ட்ரம்ப் இறக்குமதி வாகனங்களுக்கு 25 சதவீத வரி போட்ட கிழமையில் இருந்து தூக்கமில்லாமல் அரசியல் கதைத்தவர். அவரை வீட்டுக்கு அனுப்பியது ஒரு மேசையும் ஒரு தவறான பதிலும்.

ஈஸ்டர் திங்கள் பின்னேரம் நானும் அம்மாவும் வாக்களிக்கப் போனபோது அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். போவதற்கு முதல், ஏற்கப்படும் அடையாள ஆவணங்களின் பட்டியலை எடுத்து வரிக்கு வரி வாசித்தேன். அந்தப் பட்டியல் தமிழிலும் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் தெளிவாக இருக்கிறது: மின்னஞ்சலில் வரும் பில்லை அச்சடித்தும் காட்டலாம், போனிலும் காட்டலாம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இடையில் அம்மாவின் வாக்காளர் அட்டை காணாமல் போயிருந்தது. பீட்சா விளம்பரங்களோடு மீள்சுழற்சி நீலப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அவவின் சுகாதார அட்டையில் முகவரி கிடையாது. அவவின் முகவரிக்கு நான் சாட்சி சொல்லலாம் என்றால் அதற்கும் கட்டுப்பாடு: அதே வாக்களிப்புப் பிரிவில் பதிவு உள்ளவராக இருக்க வேண்டும், ஒருவர் ஒருவருக்கு மட்டும்தான் சொல்லலாம். அம்மாவுக்குச் சொன்னால் தம்பி அம்போ. பட்டியலைத் திரும்பவும் வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது, மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளும் ஏற்றுக்கொள்ளப்படும். அம்மாவின் பிரஷர் குளிசைப் போத்தலில் மருந்துக்கடைக்காரர் பெயரையும் முகவரியையும் அழகாக அச்சடித்திருந்தார். போத்தலைக் கைப்பையில் போட்டேன்.

அன்றும் வரிசைதான். வெள்ளிக்கிழமை அளவுக்கு இல்லை. நிற்கும் நேரத்தில் தம்பி கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியைப் பிடித்துக்கொண்டார். வருடத்துக்கு 140 கோடி டொலர் அளவில் அரசாங்கக் காசு, தான் ஒருநாளும் பார்க்காத ஒரு தொலைக்காட்சிக்கு. கொன்சர்வேட்டிவ் தலைவர் பொலியேவ் ஆங்கிலச் சிபிசிக்குப் பணத்தை நிறுத்துவேன் என்கிறார், அதற்காகவே அவருக்குப் போடலாம் என்றார். லிபரல் தலைவர் கார்னியோ இன்னும் 15 கோடி டொலர் கூட்டித் தருவேன், நிதியைச் சட்டத்திலேயே எழுதிவைப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் விடவில்லை. ஆளுக்கு வருடத்துக்கு 30 சொச்ச டொலர், உமது போன் பில்லைவிடக் குறைவு என்றேன். வடக்கே இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடூட்டில் செய்தி வாசிக்க எந்தத் தனியார் நிறுவனம் போகும் என்று கேட்டேன். எங்கள் தமிழ் வானொலிகளைப் பாரும், வீடு விற்பவரும் அடமானக் கடன்காரரும் விளம்பரம் தந்தால்தான் செய்தி, பிறகு வீட்டு விலையைப் பற்றி அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள்? இதற்கு அவர் சிரித்தார். ஆனால் அடுத்த அடி அவருடையது: ஆட்களை வேலையில் இருந்து நிறுத்திய காலத்திலேயே சிபிசியில் 1.8 கோடி டொலருக்கு மேல் போனஸ் கொடுத்தார்கள்தானே, அண்ணை? என்னிடம் பதில் இல்லை. அதற்கு யாரிடமும் நல்ல பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. 17ஆம் தேதி இரவு ஆங்கிலத் தலைவர்கள் விவாதம் நடந்ததே அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த கேலிப்படத்தால்தான் தெரியும். 2023 ஆகஸ்டில் இருந்து கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் இணைப்புகள் வருவதில்லை. வருவதெல்லாம் கட்சிக்காரர் வெட்டி ஒட்டிய துண்டுகள். "அதைத்தானே அண்ணை எல்லாரும் பார்க்கினம்" என்றார். முன்னால் நின்ற சீன முதியவர் எங்கள் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்றார்.

மேசைக்கு வந்தோம். அதே ஆள். அதே பதில், கடதாசி வேண்டும். நான் படம் பிடித்து வைத்ததைக் காட்டினேன், பார்க்க மறுத்தார். சரி, மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். வந்த பெண்மணி ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையிலேயே கிடந்த பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலைத் திருப்பி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். அவ்வளவுதான். படிவம் வந்தது, தம்பி கையெழுத்திட்டார், வாக்குச்சீட்டு கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அவர் நின்ற நேரத்துக்கு மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்மாவின் குளிசைப் போத்தலுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை! லேபிளைப் படிக்கப் போத்தலைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்கள், உள்ளே குளிசைகள் கலகலத்தன, முடிந்தது. ஆனால் மறைப்புக்குப் பின்னால் போனவ உடனே என்னைப் பார்த்து "சின்னம் எங்க?" என்று கேட்டுவிட்டா. ஊரில் வீடும் யானையும் பார்த்துப் புள்ளடி போட்டுப் பழகியவவுக்கு, இங்கே வேட்பாளர் பெயரும் அதன்கீழ் கட்சிப் பெயரும் மட்டும்தான் என்பதை நாங்கள் யாருமே சொல்லியிருக்கவில்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் போகுமுன் பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டிவிடுங்கள்.

இன்னும் சில. வாக்காளர் அட்டையில் முன்கூட்டிய வாக்களிப்புக்கு ஓரிடமும் தேர்தல் நாளுக்கு வேறோர் இடமும் போட்டிருக்கலாம், இரண்டையும் பாருங்கள். ஸ்காபரோவில் தொகுதி எல்லைகளும் சில தொகுதிப் பெயர்களும் மாறிவிட்டன, உங்கள் பழைய தொகுதிப் பெயரை நம்பித் தேடினால் வேறொருவரின் வேட்பாளர்தான் வருவார். பென்சிலால் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப் கதை வரும். பயமென்றால் உங்கள் பேனையைக் கொண்டு போங்கள், தடையில்லை. தேர்தல் நாளில் வேலை இருந்தால், வாக்களிக்கும் நேரத்துக்குள் தொடர்ச்சியாக 3 மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்க முதலாளி வழி செய்ய வேண்டும். இதை இரவு வேலைக்காரருக்கு யாரும் சொல்வதில்லை. கடவுச்சீட்டு பெயருக்கு மட்டும்தான் உதவும், முகவரிக்கு இன்னொன்று வேண்டும்.

அந்த நாலு நாளில் நாடு முழுவதும் 73 இலட்சம் பேர் அளவில் வாக்களித்தார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. கடைசிக் கணக்கில் நாடளாவிய வாக்களிப்பு 69 சதவீதத்துக்குக் கிட்ட வந்தது. தம்பி சொன்னபடியே கொன்சர்வேட்டிவுக்குப் போட்டார். நான் யாருக்குப் போட்டேன் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆக, அத்தனை அலைச்சலுக்கும் பிறகு நான் செய்தது என்னுடைய வாக்கை நானே கழித்துக்கொண்டதுதான். 28ஆம் தேதி இரவு கழிந்து விடியும் வேளையில், 91 பேர் போட்டியிட்ட கார்ல்டன் தொகுதியில் பொலியேவே தோற்றுப்போன செய்தியை எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து பார்த்துவிட்டுத் தம்பி மனம் நொந்து கீழே இறங்கிப் போனார். அத்தான் அன்றும் வாக்களிக்கவில்லை. ஆனால் முடிவைப் பற்றி விடிய விடியப் போனில் கதைத்தார்.

லைசென்ஸில் முகவரியை மாற்றச் சொல்லி இன்னும் தம்பியை அரித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்ராறியோவில் வீடு மாறி 6 நாளுக்குள் மாற்ற வேண்டும், இணையத்திலேயே இலவசமாகச் செய்யலாம். இன்றுவரை பிரம்டன்தான்.