வெள்ளம் வடிந்த கடையில் ஃபயர் அலாரம் வயரிங்

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்த கடைகளில் அதுவும் ஒன்று. மூன்று மாடி ஜவுளிக்கடை. டிடெக்டர்கள் (புகையைக் கண்டறியும் கருவிகள்) எல்லாம் வந்து சேரும் அலாரம் பேனல் மாடிப்படிக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருந்ததால் முழுகிவிட்டது. "பேனலை மட்டும் மாத்துங்க தம்பி, வயரிங் நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி அண்ணாச்சி. கூடவே, சிஸ்டம் முழுக்கச் சரியாக இருக்கிறது என்று இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதமும் கேட்டார்.

பேனல் மாற்றுவது பெரிய காரியமில்லை. கடிதம்தான் யோசிக்க வைத்தது. வயர் இழுத்தவர் வேறொருவர், கையெழுத்து என்னுடையது. நாளைக்குத் தீப்பிடித்து மணி அடிக்கவில்லை என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்.

பழைய பேனலைக் கழற்றும்போதே விஷயம் தெரிந்தது. சாதாரண பேனலில் ஒவ்வொரு ஜோனுக்கும் (ஒரே வயரில் வரிசையாகக் கோத்த டிடெக்டர்கள்) கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்க வேண்டும். பேனல் அதன் வழியாகச் சின்ன மின்னோட்டத்தை எப்போதும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் எங்கே வயர் அறுந்தாலும் ஓட்டம் நின்று ஃபால்ட் (கோளாறு) விளக்கு எரியும். இங்கே ரெசிஸ்டர்களைப் பேனல் டெர்மினலிலேயே கட்டியிருந்தார்கள்! மாடியில் வயரையே அறுத்துப் போட்டாலும் கீழே பச்சை விளக்குதான். இதை மன்னிக்கவே முடியாது. அந்த மாடிகளில் பெண்பிள்ளைகள் இரவு ஒன்பது மணிவரை நின்று வேலை பார்க்கிறார்கள்.

ரெசிஸ்டரைக் கடைசி டிடெக்டருக்கு மாற்றினேன். அப்புறம் ஒவ்வொரு டிடெக்டராகக் கழற்றி, ஃபால்ட் வருகிறதா என்று பார்த்தோம். இரண்டாம் மாடியில் சிலவற்றைக் கழற்றியும் பேனல் அசையவில்லை. நடுவழியில் கிளை பிரித்து இழுத்திருக்கிறார்கள். கிளையில் வயர் விட்டுப்போனால் பேனலுக்குத் தெரியாது. ஒரு டிடெக்டருக்குள் போன வயர் அதிலிருந்தே அடுத்ததற்குப் போக வேண்டும். பொங்கல் வியாபாரம் கெடாமல், கடை அடைத்த பிறகு சீலிங்கைப் பிரித்து அந்த வயரை மாற்றினோம். தரைத்தளத்தில் நனைந்த கேபிளுக்கு மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்தோம். மெகர் வைக்கும் முன் டிடெக்டரையும் பேனலையும் கட்டாயம் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் 500 வோல்ட் அதற்குள் இருக்கும் சர்க்யூட்டைச் சுட்டுவிடும். சில துண்டுகள் தேறவில்லை. புதிதாக 1.5 ஸ்கொயர் எம்எம் ஆர்மர்டு (இரும்புக் கவசம் சுற்றிய) காப்பர் கேபிள் போட்டு, பவர் லைனைத் தொடாமல் தனியாகக் கொண்டுபோனோம். பேனலைப் பில்லிங் கவுண்டருக்குப் பின்னால், ஆள் கண்ணுக்கு நேரான உயரத்தில் மாட்டினோம்.

"பச்சை லைட்டு எரியுதுல்லா, கடிதத்தைக் கொடுங்க" என்றார் அண்ணாச்சி. கொடுத்தேன். ஆனால் "எல்லாம் சரி" என்று எழுதவில்லை. எந்த மாடியில் எந்த டிடெக்டருக்குப் புகை அடித்துப் பார்த்தேன், கரண்டை நிறுத்திப் பேட்டரியில் மணி அடித்ததா, தேதி என்ன என்று எழுதினேன். மேல்மாடிக் குடோனில் துணிக்கட்டுகள் சீலிங் வரை அடுக்கி டிடெக்டரை மறைத்திருந்தன. அந்த அறை சோதிக்கப்படவில்லை என்பதையும், இனி ரேக், பார்ட்டிஷன் மாற்றினால் மறுசோதனை வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அவருக்கு முகம் சுருங்கியது. "சரி அண்ணாச்சி, கட்டுகளை இறக்குங்க, அந்த வரியை எடுத்துர்றேன்" என்றேன். அடுத்த வாரமே இறக்கிவிட்டார். புகை அடித்தோம், மணி அடித்தது. புதுக் கடிதத்தில் குடோனையும் சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம்.

இப்போதெல்லாம் கொட்டேஷனிலேயே பழைய வயரிங் சோதனையைத் தனி வரியாகப் போட்டுவிடுகிறேன். அதை வெட்டச் சொல்பவர்களுக்குப் பேனல் மட்டும் மாற்றித் தருவேன், கடிதம் தருவதில்லை.