மேசையிலேயே உறைந்துபோன சொட்டு மருந்து

எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு புராஜெக்ட்டுக்குக் கண் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டதற்கு அப்பத்தாதான் காரணம். கிளாக்கோமா என்ற கண் நோய்க்காகத் தினமும் இரண்டு வேளை டிமோலால் என்ற சொட்டு மருந்து விடுவோம். விட்ட கையோடு பாதி கன்னத்தில் வழிந்துவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டே, "உள்ள போச்சா?" என்று கேட்பார். கண்ணில் நிற்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். வழியாமல் என்ன செய்யும்?

பாட்டிலில் தண்ணீராக இருந்து, கண்ணில் விழுந்ததும் ஜெல்லாகிவிட்டால் மருந்து கொஞ்ச நேரம் அங்கேயே தங்கும். இதற்குப் பலரும் எடுக்கும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு, போலாக்சமர் 407. இதன் சங்கிலியின் இரு முனைகளும் எப்போதும் தண்ணீரோடு ஒட்டியிருக்கும். நடுப்பகுதி மட்டும் சூடு ஏறினால் தண்ணீரை உதறிவிடும். உதறிய பகுதிகள் ஒன்றுகூடிச் சிறு உருண்டைகளாகி நெருக்கியடிக்கும்போது கரைசல் உறைகிறது. குளிரவைத்தால் மறுபடி தண்ணீர்.

கரைப்பதும் வழக்கத்துக்கு நேர்மாறு, சூடாக்கவே கூடாது. 4 டிகிரித் தண்ணீரில் பொடியைக் கோலமாவு தூவுவதுபோல் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், வேகமாகக் கலக்கினால் நுரைக்கும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது.

முதலில் செய்தது 20 சதவீதக் கரைசல். பீக்கரை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பைப்பெட் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் தயிர்போல் உறைந்திருந்தது. கவிழ்த்தாலும் விழவில்லை. சுவர்த் தெர்மாமீட்டர் 33 காட்டியது. மதுரையில் ஏப்ரல் மாதம், ஏசி இல்லாத லேப். நான் படித்த கட்டுரைகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 25 டிகிரி. கண்ணின் மேற்பரப்போ சுமார் 34. அங்கே பாட்டிலுக்கும் கண்ணுக்கும் நடுவே 9 டிகிரி இடைவெளி இருக்கிறது, எங்கள் ஊரில் 1 டிகிரிதான். வெப்பம் மட்டும் பார்த்து மாறும் பாலிமருக்கு எது மேசை, எது கண் என்று எப்படித் தெரியும்?

சரி, அளவைக் குறைப்போம் என்று 15 சதவீதம் செய்தேன். மேசையில் உறையவில்லை. ஆனால் கண்ணில் சொட்டு கண்ணீரோடு கலப்பதுபோலச் செயற்கைக் கண்ணீரை 40க்கு 7 என்ற விகிதத்தில் சேர்த்ததும் போலாக்சமர் 13 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. கண்ணின் சூட்டில் வைத்த வாட்டர் பாத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் தண்ணீராகவே ஓடியது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம் போயிற்று. அதே குடும்பத்துப் போலாக்சமர் 188 சேர்த்துப் பார்த்தேன். உறையும் வெப்பநிலை மேலே போனது, கண்ணீர் கலந்ததும் இன்னும் மேலே போனது.

கைடு மேடம் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "வெப்பத்தை விடும்மா. மேசைக்கும் கண்ணுக்கும் வேற என்ன வித்தியாசம்?" என்றார். பிஎச்! அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம். பாட்டிலில் அதை 4ல் வைக்கலாம், கண்ணீரில் அது சுமார் 7.4. இதைப் பார்த்து மாறும் பாலிமர் கார்போபால். அதன் சங்கிலி முழுக்க அமிலக் குழுக்கள். பிஎச் 4ல் பெரும்பாலானவை மின்னேற்றம் இல்லாமல் சுருண்டு கிடக்கும். பிஎச் ஏறும்போது எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ள, சங்கிலி விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கார்போபாலை மட்டும் வைத்து வேலையை முடிக்க அது நிறையத் தேவைப்படும். அவ்வளவு அமிலத்தைக் கண்ணீரால் சீக்கிரம் சமன்செய்ய முடியாது, கண் எரியும். அதனால் இரண்டையும் சேர்ப்பதுதான் வழி. 14 சதவீதப் போலாக்சமர், 0.3 சதவீதக் கார்போபால் என்ற சேர்க்கை ஏற்கெனவே பைலோகார்பைன் என்ற இன்னொரு கிளாக்கோமா மருந்துக்கு வெளியாகியிருந்தது. அதையே டிமோலாலுக்கு எடுத்துக்கொண்டேன்.

கண்ணீர் கலந்து, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு 7.4க்குக் கொண்டுவந்து, 34 டிகிரியில் டியூபைச் சாய்த்தேன். ஓடவில்லை. உண்மையான கண்ணில் இந்த வேலையைக் கண்ணீர் தானே செய்தாக வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை டியூப் சொல்லாது. இதைத் தீசிஸிலும் மறைக்காமல் எழுதினேன்.

மிச்சக் கரைசலை டிராப்பர் பாட்டிலில் ஊற்றி, மதியம் இரண்டு மணி நேரம் அதே மேசையில் வைத்திருந்தேன். தெர்மாமீட்டரில் 34. பாட்டிலைக் கவிழ்த்து மெல்ல அழுத்தினேன். ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று, தனித்தனியாக விழுந்தது.