ஒளியிழையில் பிடிபடும் வெப்பம்

2024 மார்ச் 4

எஞ்சினின் புகைவாயிலில் வெளியேறும் வாயுவின் வெப்பநிலையைத் தெர்மோகப்பிளால் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்த வெப்ப உணரியால்) அளந்தால் ஏறக்குறைய நேர்கோடுதான் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு 80 மில்லிநொடியே ஆகிறது. அரை மில்லிமீட்டர் உறையிட்ட தெர்மோகப்பிளோ மிதமான காற்றோட்டத்தில் மாற்றத்தை உணர ஏறத்தாழ ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது. அது சொல்வது தன் உறையின் சூட்டைத்தான். இனி ஒளியிழையை முயல்வதாக முடிவு. முதலில் மேசைமேல், ஹீட் கன் காற்றில்.

மார்ச் 6

பிராக் கீற்றணி (ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும் நுண்கீற்று வரிசை) பொறித்த சிலிக்கா இழை வந்துவிட்டது. 1550 நானோமீட்டரை ஒட்டி அது திருப்பியனுப்பும் ஒளியின் அலைநீளம், ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்கிறது. விட்டம் 125 மைக்ரோமீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் கால மாறிலி, அதாவது திடீர் வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இழை எட்ட எடுக்கும் நேரம், 50 மில்லிநொடி எனக் கணக்கு வருகிறது. எஞ்சினுக்கு இது போதாது.

மார்ச் 11

வெப்பநிலை நொடிக்கு 700 தடவை ஏறி இறங்குவதாகத் திரை காட்டியது. இரண்டு மணி நேரம் மகிழ்ந்திருந்தோம். 50 மில்லிநொடி மந்தமுள்ள இழை இத்தனை விரைவைக் காணவே முடியாதென்பது சாப்பிடும்போதுதான் உறைத்தது. சூட்டை நிறுத்தி வெறுங்காற்றை விட்டுப் பார்த்தோம். அலை அப்படியே நின்றது. இரு முனையும் ஒட்டியிருந்த இழை காற்றில் அதிர்ந்திருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கே 1.2 பிக்கோமீட்டர் நகர்வு உண்டாவதால், இழுபட்டதா, சூடேறியதா என்று கீற்றணியால் பிரித்துச் சொல்ல முடியாது.

மார்ச் 12

நுண்குழாய்க்கு வெளியே 5 மில்லிமீட்டர் நுனி மட்டும் நீட்டி, அந்த முனையைக் கட்டாமல் விட்டேன். அலை அடங்கிவிட்டது.

மார்ச் 19

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இழையை 25 மைக்ரோமீட்டருக்கு மெலியச் செய்தோம். அமிலம் தோலில் பட்டால் முதலுதவியாகப் பூசும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கையெட்டும் தூரத்தில் வைக்காமல் இந்த அமிலத்தைத் திறக்கக் கூடாது. விட்டம் குறையும்போது பருமன் குறைவதோடு, காற்றிலிருந்து வெப்பம் ஏறும் விகிதமும் கூடுவதால், மாறிலி ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். முதல் இரண்டு இழைகள் கழுவும்போதே முறிந்தன, மூன்றாவது பிழைத்தது.

மார்ச் 22

துளைத்தட்டைச் சுழற்றிச் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் நொடிக்கு 12.5 தடவை மாற்றி மாற்றி விட்டோம். கணக்குப்படி, இந்த வேகத்தில் தடித்த இழை உண்மையான ஏற்ற இறக்கத்தில் கால்பங்கைத்தான் காட்ட வேண்டும், மெலிந்தது பத்தில் ஒன்பதுக்கு மேல். திரையில் தெரிந்த வேறுபாடும் அந்தப் போக்கில்தான் இருந்தது. வளைகோட்டின் சரிவை மாறிலியால் பெருக்கிக் கூட்டினால் தடித்த இழையையும் திருத்தலாம்தான், ஆனால் இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. எஞ்சினின் சூட்டில் சாதாரணக் கீற்றணி அழிந்துபோகும் என்பதால், 1000 டிகிரியை ஒட்டியும் தாங்கும் மறுவிளைவுக் கீற்றணிக்கு (சூட்டில் அழித்து மீண்டும் உருவாகச் செய்த கீற்றணி) இன்று மாலை விலைப்புள்ளி கேட்டு எழுதினேன்.