டேப் ரெக்கார்டர் மேல் ஒரு சீட்டு
1960, நியூயார்க்கின் ப்ரூக்ளின். பாட்டுக்கு மெட்டுப் போடும் கரோல் கிங்குக்குப் பதினெட்டு வயது, கையில் சில மாதக் குழந்தை. கணவர் ஜெரி காஃபினுக்கு 21, வேதியியல் ஆய்வகத்தில் வேலை. ஷிரெல்ஸ் என்ற பெண்கள் பாடும் குழுவுக்கு அவசரமாக ஒரு பாட்டு வேண்டும். கரோல் மெட்டைப் போட்டு டேப்பில் பதிந்தார், வரிகள் வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மாஜாங் என்ற சீன விளையாட்டு ஆடப் போய்விட்டார்!

வீடு திரும்பிய ஜெரி, டேப்பைக் கேட்டு எழுதியதுதான் 'வில் யூ லவ் மீ டுமாரோ'. இன்று இரவு சரி, நாளைக்கும் என் மேல் அன்பு இருக்குமா என்று ஒரு பெண் நேராகக் கேட்கிறாள். 21 வயதுப் பையனுக்கு அந்தப் பயம் எப்படிப் புரிந்தது? எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஷிரெல்ஸின் முதன்மைப் பாடகி ஷிர்லி ஓவன்ஸுக்கு முதலில் பாட்டு பிடிக்கவில்லை, 'கன்ட்ரி' எனும் அமெரிக்கக் கிராமிய இசை போல இருக்கிறது என்றார். அப்புறம் கரோலே வயலின்களுக்கு இசைக்கோவை எழுதினார். 1961 ஜனவரியில் அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டில் முதலிடம். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுதான் முதல்முறை. ஜெரி ஆய்வக வேலையை விட்டார்.

பத்து வருடம் கழித்து கரோலே இதை மெதுவாக, பியானோவோடு பாடினார். ஜெரியோடு மணமுறிவு ஆன பிறகு. அதே கேள்வி. நேற்றிரவு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன், தூக்கமே வரவில்லை.