ஆய்வு நிறுவனத்துக்குப் பேச்சு கேட்கப் போகிறீர்களா?

டிசம்பர் பிறப்பதற்கு முன்பே சபா அட்டவணையைத் தேடி வாங்கி, எந்த நாள் எந்தக் கச்சேரி என்று கோடு போட்டு வைப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். அதே ஊரில் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில், மேட்சயின்ஸ் என்று பலரும் சொல்கிற கணித அறிவியல் நிறுவனத்தில், வருஷம் முழுக்கப் பேச்சுகள் நடக்கின்றன. டிக்கெட் கிடையாது. ஆனாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள் குறைவு. ஆர்வம் இல்லாததால் அல்ல. அறிவிப்பைப் படித்தால் அது யாருக்கான பேச்சு என்று பிடிபடுவதில்லை. வாசலில் காவலரைப் பார்த்ததும் ‘நம்மை விடுவார்களா’ என்று கால் தயங்குகிறது. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

அந்த நிறுவனம் உருவானதே பேச்சுகளிலிருந்துதான். 1950-களின் இறுதியில் இயற்பியலர் அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டி வைத்துக் கருத்தரங்கு நடத்தினார். ஊருக்கு வந்த வெளிநாட்டு விஞ்ஞானிகள் அந்த வீட்டில் வந்து பேசினார்கள். 1960-இல் வந்த டென்மார்க் இயற்பியலர் நீல்ஸ் போர் அந்தச் சிறு குழுவை மனமாரப் பாராட்டினார். 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் தொடங்கியது; அந்த விழாவில் வானியற்பியலர் எஸ். சந்திரசேகர் இருந்தார். ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கிய வழக்கத்தின் தொடர்ச்சியைத்தான் தரமணியில் இப்போது கேட்கிறோம்.

முதலில் அறிவிப்பு. நிறுவன இணையதளத்தில் ‘நிகழ்வுகள்’ பக்கத்தில் எல்லாமே ஒரே பட்டியலாகக் கிடக்கும். தலைப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த வகைப் பேச்சு என்று பாருங்கள். பொதுச் சொற்பொழிவு என்று போட்டிருந்தால் எல்லோருக்குமானது. பள்ளிக் கணிதம் போதும் என்று நினைத்துத்தான் பேச்சாளர் தயாரித்திருப்பார். கொலோக்கியம் என்றால் நிறுவனத்தின் எல்லாத் துறையினரும் கேட்கும் பேச்சு. இதில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும், அடுத்த இருபது அந்தத் துறைக்காரர்களுக்கு, கடைசி இருபது அதே சிக்கலில் வேலை செய்பவர்களுக்கு. பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ படித்தவர் முதல் பாதியை நன்றாகவே பின்தொடரலாம். செமினார் என்றால் ஒரு துறைக்குள் நடக்கும் பேச்சு. பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், முதல் நிமிடத்திலேயே குறியீடுகள் பலகையில் ஏறிவிடும். அதற்கும் போகலாம், ஆனால் முதல் நாளே ஏற்பாட்டாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

பலர் கவனிக்காத இன்னொரு வகை, பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. நம் நாட்டில் பெரும்பாலும் இது திறந்த அவையில்தான் நடக்கிறது. ஆய்வு மாணவர் தன் ஐந்தாறு வருஷ உழைப்பை ஒரு மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும், தேர்வாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அதனால் பின்னணியை மிகத் தெளிவாகச் சொல்வார்கள். ஆய்வுக்கு வர நினைக்கும் கல்லூரி மாணவர்கள் வருஷத்துக்கு ஒன்றையாவது போய்க் கேட்க வேண்டும்.

அறிவிப்பில் இருக்கும் சுருக்கத்தை மூன்று முறை படித்துப் புரியவில்லை என்று விட்டுவிடுவதில் பயனில்லை. அதில் திரும்பத் திரும்ப வரும் மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றின் பொருளைத் தேடுங்கள். பிறகு பேச்சாளர் வேறெங்காவது இதே பொருளில் பேசிய காணொளி இருந்தால் முதல் பத்து நிமிடம் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை மணி நேர வேலை. இதைச் செய்துவிட்டுப் போகிறவருக்கும் சும்மா போய் உட்காருகிறவருக்கும் இருபதாவது நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது வாசல். மேட்சயின்ஸும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் அணுசக்தித் துறையின் உதவியில் நடப்பவை; இத்தகைய இடங்களில் பாதுகாப்புச் சோதனை கூடுதல். புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கைப்பேசியில் இருக்கும் நகலை ஒரு வாசலில் ஏற்பார்கள், இன்னொரு வாசலில் மறுப்பார்கள். முன்பதிவு கேட்டிருந்தால் அந்த உறுதி மின்னஞ்சலைத் திறந்தே வைத்திருங்கள். வாசலில் நெட் கிடைக்காமல் வரிசையில் நின்று தடுமாறுவது வழக்கமாக நடக்கிறது. வாசல் பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் பேச்சின் தலைப்பையும் அரங்கின் பெயரையும் எழுதுங்கள். வெறுமனே ‘சொற்பொழிவு’ என்று எழுதினால் காவலர் உள்ளே போன் போட்டுக் கேட்டு, பத்து நிமிடம் போய்விடும். மடிக்கணினி கொண்டுபோனால் அதன் வரிசை எண்ணைப் பதிவு செய்யச் சொல்லலாம். தேவையில்லை என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பறக்கும் ரயிலில் வருவோர் திருவான்மியூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஓ.எம்.ஆர். மாலை நெரிசலைக் கணக்கில் வைத்து, பேச்சுக்கு அரை மணி நேரம் முன்பு வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள்.

கிளம்பும் அன்று காலை நிகழ்வுப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். பேச்சு ரத்தாவதைவிட அரங்கு மாறுவதுதான் அதிகம். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று அரங்குகள் இருக்கும், மாற்றம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் போயிருக்கும்.

மும்பை டாடா நிறுவனம் கொலாபாவில் கடற்படைக் குடியிருப்புப் பகுதியின் கோடியில் இருக்கிறது. அங்கே புதன்கிழமைக் கொலோக்கியம் நெடுநாள் வழக்கம். அதை நிறுவிய இயற்பியலர் ஹோமி பாபா ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்த இடம் அது. முகப்புக் கூடத்தில் எம்.எஃப். ஹுசேன் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. பேச்சுக்கு அழைப்புக் கிடைத்துப் போகிறவர்கள் அதைப் பார்க்கவாவது கால் மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும்.

வாசல் சோதனையே வேண்டாம் என்பவர்களுக்காக நிறுவனங்களே வெளியே வந்திருக்கின்றன. இது நல்ல மாற்றம். மும்பையில் 2009-இலிருந்து ‘சாய் அண்ட் ஒய்’ என்ற பெயரில் ஞாயிறு காலைகளில் பிருத்வி தியேட்டர் போன்ற இடங்களில் உரையாடல் நடக்கிறது. பெங்களூரில் ஐ.சி.டி.எஸ். என்கிற கோட்பாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனம் நேரு கோளரங்கத்தோடு சேர்ந்து ‘காபி வித் கியூரியாசிட்டி’ நடத்துகிறது. சென்னையில் மேட்சயின்ஸ் 2016-இலிருந்து ‘சயின்ஸ் அட் த சபா’ என்று மியூசிக் அகாடமியிலேயே அறிவியல் பேச்சுகளை ஏற்றியது. நான்கு பேச்சுகள், ஒரே மாலை. குழந்தைகளோடு முதல்முறை போக இதைவிட நல்ல இடம் கிடையாது. முன்பதிவு திறந்தவுடன் பதிந்துவிடுங்கள்.

அரங்கில் எங்கே உட்காருவது? சாக்பீஸில் எழுதிப் பேசுகிறவர் என்றால் முன்வரிசைகளில் நடுவில். பலகையின் கீழ்ப்பகுதி பின்வரிசைக்குத் தெரியாது. அங்கேதான் முடிவு எழுதப்படும். திரையில் காட்டிப் பேசுகிறவர் என்றால் நடுவரிசை. ஸ்லைடைப் படமெடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் வெளியிடாத முடிவுகளைப் பலர் நம்பிக்கையின் பேரில் காட்டுகிறார்கள். அது வாட்ஸப்பில் சுற்றினால் அடுத்த முறை காட்ட மாட்டார்கள்.

கேள்வி நேரத்தில் மைக் கைக்கு வரும் வரை பேசாதீர்கள். குரல் பலமாக இருக்கிறதே என்று மைக் இல்லாமல் கேட்டால் இணையவழி கேட்பவர்களுக்கும் பதிவுக்கும் கேள்வி போய்ச் சேராது, பதில் மட்டும் தனியாக நிற்கும். ஒரே கேள்வி, முன்னுரை இல்லாமல். ‘நீங்கள் காட்டிய இரண்டாவது வரைபடத்தில் அந்தக் கோடு ஏன் வளைகிறது’ என்பது அருமையான கேள்வி. அதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். பேச்சாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் அரங்கில் எடுத்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்கத் துணிச்சல் வராதவர்கள் தேநீர் நேரத்துக்கு நில்லுங்கள். பேச்சுக்கு முன்போ பின்போ தேநீரும் பிஸ்கட்டும் பெரும்பாலும் உண்டு. உண்மையான உரையாடல் நடப்பது அங்கேதான்.

இனிக் கலை நிகழ்ச்சிகள். ஆய்வு நிறுவனத்தில் கச்சேரி நடப்பதில் வியப்படைய ஒன்றுமில்லை. சி.வி. ராமனே மிருதங்கத்தை ஆராய்ந்தவர். வெறும் தோல் வட்டத்தைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலின் நடுவில் ஏற்றும் கரணையின், அதாவது கறுப்புப் பூச்சின், எடைதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, சுருதியுள்ள நாதமாக்குகிறது. முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான சுரங்களாகக் கூடி நிற்கின்றன என்று ராமன் 1934-இல் எழுதினார். இதை ஒரு வித்வானும் ஓர் இயற்பியலரும் ஒரே மேடையில் காட்டினால் அதைப்போன்ற விளக்கவுரை வேறில்லை. லெக்-டெம், அதாவது செய்துகாட்டி விளக்கும் பேச்சு, என்று அறிவிப்பில் கண்டால் விடாதீர்கள்.

ஆனால் நடத்துகிறவர்கள் சில விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். பேச்சு அரங்கு கச்சேரி அரங்கு அல்ல. பேச்சுத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சுவரிலும் கூரையிலும் ஒலியை உறிஞ்சும் பொருளைப் பதித்திருப்பார்கள். எதிரொலிப்பு ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும். பாடுகிறவருக்குக் குரல் நிற்காததுபோல் தோன்றும், தேவைக்கு மேல் அழுத்திப் பாடித் தொண்டை களைத்துவிடும். மைக் செட்டுக்காரர் அதைச் சரிக்கட்ட எக்கோவை ஏற்றுவார்; கொஞ்சம் கூடினாலும் துரித காலச் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்துவிடும். பாடகருக்கு எதிரே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்து அவர் குரலையும் தம்புராவையும் அவருக்கே கேட்கச் செய்வதுதான் சரியான வழி.

ஏ.சி. இன்னொரு சிக்கல். ஏ.சி. காற்று ஈரத்தை இழுத்துவிடுவதால் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும். தொப்பி என்கிற இடப்பக்கத்தில் ஒட்டும் ரவைப் பசை காய்ந்து, பேஸ் ஒலி போய்விடும். நடுவில் பெயர்ந்து விழுவதும் உண்டு. வாத்தியங்களைப் பக்கத்து அறையில் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டு மேடைக்குக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் மாறியிருக்கும். கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பே ஏ.சி.யை ஓடவிட்டு, அதே மேடையில் வாத்தியங்களைத் திறந்து வைக்க வேண்டும். ஏ.சி. காற்று நேராக மேடையில் விழாமல் திருப்பிவிட வேண்டும். மிருதங்கக்காரர் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும்.

பேச்சும் கச்சேரியும் ஒரே மாலையில் என்றால் வழக்கமாகக் கெடுவது நேரம். நான்கு மணிக்குப் பேச்சு, ஆறு மணிக்குக் கச்சேரி என்று போடுவார்கள். கேள்விகள் நீளும், தேநீர் நீளும். ஒலிச் சோதனைக்கு முக்கால் மணி நேரம் தேவை, கையில் இருப்பது பத்து நிமிடம். அதனால் ஒலிச் சோதனையைப் பேச்சுக்கு முன்பே முடித்து, மைக் நிற்கும் இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். பாட்டு, வயலின் ஆளுக்கொன்று, மிருதங்கத்தின் இரு பக்கமும் இரண்டு, தம்புராவுக்கு ஒன்று என்று ஐந்து மைக் வரும். கடமோ கஞ்சிராவோ இருந்தால் ஆறு. பேச்சாளரின் மடிக்கணினியை ஒலி அமைப்பிலிருந்து கழற்றியாயிற்றா என்று பாருங்கள். அதன் சார்ஜர் வழியாக வரும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கச்சேரி முழுக்கத் தம்புராவோடு சேர்ந்து ஒலிக்கும், எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இருக்கைகள் ஒரே மட்டத்தில் இருக்கும் அரங்கு என்றால், கீழே அமர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒன்றரை அடி உயர மேடையாவது போடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது வரிசையிலிருந்து யார் கையும் தெரியாது.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ள மூன்று தேதிகள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். அதையொட்டிப் பல நிறுவனங்கள் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். அக்டோபர் 2, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் காந்தி நினைவுச் சொற்பொழிவோடு சேர்ந்த நாள். ராமன் தாமே தொடங்கி, ஆண்டுதோறும் தாமே பேசினார். 1970-இல் காது எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி அவர் பேசியது கடைசி உரை. அடுத்த மாதம் காலமானார். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித நாள். அந்த வாரத்தில் சென்னையில் கணிதப் பேச்சுகளைத் தேடிப் பாருங்கள்.

வர முடியாமல் போனால் காணொளி உண்டு. ஆனால் உடனே ஏறாது, சில வாரங்கள்கூட ஆகும். நேரில் கேட்டவர்களும் பதிவு வந்ததும் விட்டுப்போன பகுதியை மட்டும் திரும்பப் பாருங்கள். அப்போதும் புரியாதது ஒன்று இருந்தால், எத்தனையாவது நிமிடம், எந்த ஸ்லைடு என்று குறிப்பிட்டுப் பேச்சாளருக்கு நான்கு வரி எழுதுங்கள். இடத்தைச் சுட்டிக் கேட்ட மின்னஞ்சலுக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். பல சமயம் அடுத்து எதைப் படிக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுவார்கள்.